மும்பையின் தீ வரலாறு: எண்ணப்பட்ட தங்கமும் எண்ணப்படாத மனிதர்களும்

(தீயணைப்புச் சேவை வாரத்தையொட்டிக் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஏப்ரல் 14 என்றவுடன் அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளே முதலில் நினைவுக்கு வரும். தமிழர் வீடுகளில் பெரும்பாலும் அதுவே சித்திரை முதல் நாளாகவும் அமைகிறது. அதே நாள்தான் இந்தியா முழுவதும் தீயணைப்புச் சேவை நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று தொடங்கி 20ஆம் தேதிவரை தீயணைப்பு வாரம். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் செய்முறை விளக்கங்கள் நடக்கின்றன. எரிவாயு உருளையை எப்படி மூடுவது, மின் இணைப்பை எப்படித் துண்டிப்பது என்று துண்டறிக்கைகள் கற்றுத் தருகின்றன. இவையெல்லாம் தேவையானவையே. ஆனால் இந்த நாள் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, அன்று யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்ற கேள்விகள் அந்தத் துண்டறிக்கைகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

அக்கேள்விகளுக்கான விடை பம்பாய்த் துறைமுகத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால், இரண்டு நூற்றாண்டுக்கால மும்பை நகரத்தின் தீ வரலாறு வெறும் விபத்துகளின் பட்டியலாகத் தோன்றாது. எங்கே எதைச் சேமிப்பது, எத்தனை வாசல் வைப்பது, எவ்வளவு பேரை எவ்வளவு இடத்தில் அடைப்பது என்று முடிவு செய்தவர்கள் ஒரு பக்கமாகவும், அந்த முடிவுகளால் எரிந்தவர்கள் மறு பக்கமாகவும் நிற்பது அந்த வரலாற்றில் தெளிவாகத் தெரியும்.

கோட்டைக்குள் மூண்ட தீ

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் பம்பாய் என்றால் மதில் சூழ்ந்த கோட்டைதான். அதன் தென்பகுதியில் ஆங்கிலேயரும், வடபகுதியில் இந்திய வணிகர்களும் அவர்களைச் சார்ந்தோரும் வாழ்ந்தனர். வடபகுதியில் மரத்தாலான வீடுகளும் சரக்குக் கிடங்குகளும் இடைவெளியின்றி நெருங்கி நின்றன. 1803 பிப்ரவரி 17 அன்று அங்கு மூண்ட தீ அப்பகுதியின் பெரும்பாகத்தைச் சாம்பலாக்கியது.

தீக்குப் பின் கம்பெனி அரசு எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. கோட்டையைச் சுற்றித் திறந்தவெளி காக்கப்பட்டது. ராணுவத்துக்கும் ஆட்சியாளருக்கும் காற்றும் பாதுகாப்பும் கிடைத்தன. கோட்டைக்குள் இடமின்றிப் போன இந்திய மக்கள் அந்தத் திறந்தவெளிக்கு அப்பால் குடியேறினர். கால்பாதேவி, கிர்காவ், மாண்ட்வி என விரிந்த சுதேசி நகரம் இவ்வாறு வளர்ந்தது. குறுகிய சந்துகள், மரச்சட்டங்களால் எழுப்பிய மாடி வீடுகள், கீழே கடையும் சரக்கும், மேலே குடும்பங்கள் என்பதே அதன் அமைப்பு. நெருப்பின் ஆபத்து நீங்கிவிடவில்லை. கோட்டைக்கு வெளியே இடம் மாற்றப்பட்டது. கால்பாதேவி என்ற பெயரைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 212 ஆண்டுகள் கழித்து அதே பெயர் மீண்டும் வரும்.

1850-களில் பஞ்சாலைகள் தொடங்கின. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பம்பாயின் பஞ்சு வணிகம் பெருகியது. பஞ்சும் எண்ணெயும் மரமும் குவிந்த நகரில் தீயணைப்பு என்பது நீண்டகாலம் போலீஸ் துறையின் உபவேலையாகவே இருந்தது. 1887இல்தான் அது மாநகராட்சியின் பொறுப்பானது. 1888ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் அப்பொறுப்பை உறுதிப்படுத்தியது. நெருப்பிலிருந்து மக்களைக் காப்பது குடிமை நிர்வாகத்தின் கடமை என்று சட்டத்தில் எழுதப்பட்டதே ஒரு முன்னேற்றம்தான். ஆனால் தீயை அணைக்கும் கடமை எழுதப்பட்ட அளவுக்கு, தீயைத் தடுக்கும் அதிகாரம் எழுதப்படவில்லை. ஆலைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் கப்பலுக்குள்ளும் சொத்துரிமையே அதிகாரம் செலுத்தியது.

ஏற்றப்படாத சிவப்புக் கொடி

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறைமுகத்திலிருந்து ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களும் போர் விமானங்களும் இருந்தன. தனியே எஃகுப் பெட்டகத்தில் 124 தங்கக் கட்டிகள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. கராச்சியில் ஒரு பகுதிச் சரக்கு இறக்கப்பட்டதும், காலியான இடத்தில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் மரமும் பழைய இரும்பும் ஏற்றப்பட்டன. வெடிமருந்தையும் பஞ்சையும் எண்ணெயையும் ஒரே கப்பலில் அடைப்பதற்குக் கப்பல் தலைவரே ஆட்சேபம் தெரிவித்தார். போர்க்காலம், இடம் வீணாகக்கூடாது என்ற வாதமே வென்றது.

ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாயின் விக்டோரியா துறையை அடைந்தது. சாதாரணக் காலத்தில் வெடிபொருள் ஏற்றிய கப்பல் துறைக்குள் நுழையக்கூடாது. வெளியே நடுநீரில் நின்று படகுகளில் சரக்கை இறக்க வேண்டும். ஆபத்தான சரக்கு இருப்பதை அறிவிக்கச் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். போரைக் காரணம் காட்டி இந்த இரண்டு விதிகளும் தளர்த்தப்பட்டிருந்தன. கப்பல் துறைக்குள்ளேயே நின்றது. சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. பக்கத்துக் கப்பல்களில் சுமை தூக்கியவர்களுக்கும், துறைச் சுவருக்கு அப்பால் குடியிருந்தவர்களுக்கும் தங்கள் அருகே என்ன நிற்கிறது என்று தெரியாது.

ஏப்ரல் 14 பிற்பகல் 2 மணியளவில் கப்பலின் இரண்டாம் சரக்கறையிலிருந்து புகை எழுவது உணரப்பட்டது. அதற்கு முன்பே அருகிலிருந்த கப்பலில் இருந்தோர் புகையைக் கண்டிருந்தனர். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியின் உள்ளே கனலும் நெருப்பை நீர் எளிதில் எட்டாது. தீயணைப்பு வீரர்கள் 900 டன்னுக்கும் மேற்பட்ட நீரை உள்ளே செலுத்தினர். அந்த நீரும் கொதிக்கத் தொடங்கியது. கப்பலை அங்கேயே மூழ்கடிப்பதா, துறைக்கு வெளியே இழுத்துச் செல்வதா, இருந்த இடத்திலேயே அணைப்பதா என்று கப்பல் தலைவரும் துறைமுக அதிகாரிகளும் ராணுவ வெடிபொருள் அதிகாரிகளும் தீயணைப்புத் தலைமையும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். முடிவெடுத்து உத்தரவிடும் முழு அதிகாரம் ஒருவரிடமும் இல்லை. இரண்டு மணி நேரம் இவ்வாறு கழிந்தது. அந்த இரண்டு மணி நேரமும் குழாயைப் பிடித்தபடி கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்கள் தீயணைப்புத் தொழிலாளர்கள்.

மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. 34 நிமிடங்களுக்குப் பிறகு இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. 12 கிலோமீட்டருக்கு அப்பால் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. சிம்லாவிலிருந்த நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. சுமார் 4,000 டன் எடையுள்ள ‘ஜலபத்மா’ என்ற கப்பல் நீரிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் துறையின் கரைமேல் விழுந்தது. எரியும் பஞ்சு நகரத்தின் மேல் மழையாகப் பொழிய, துறைமுகத்தையொட்டிய குடியிருப்புகளும் கிடங்குகளும் பற்றிக்கொண்டன. தீயைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று நாள்கள் ஆயின. சுமார் 80,000 பேர் வீடிழந்தனர். சுமார் 50,000 பேர் வேலையிழந்தனர். தீயணைப்புப் படையினர் 66 பேர் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாகத்தான் ஏப்ரல் 14 தீயணைப்புச் சேவை நாளாயிற்று.

இத்தனை பெரிய நிகழ்வு போர்க்காலத் தணிக்கையால் பல வாரங்கள் மூடி வைக்கப்பட்டது. நகரமே எரிந்துகொண்டிருக்க, நகரத்தின் பத்திரிகைகள் அதை எழுத முடியவில்லை.

யார் எண்ணப்பட்டார்கள்?

அன்று இறந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு? ஒரு கணக்கு 800 என்கிறது. இன்னொரு கணக்கு 1,300 என்கிறது. ஐந்நூறு மனிதர்கள் வித்தியாசம். தீயணைப்புப் படையின் இழப்பு 66 என்று துல்லியமாகத் தெரியும். ஏனெனில் அவர்களுக்கு வருகைப் பதிவேடு இருந்தது. தங்கக் கட்டிகள் 124 என்பதும் துல்லியமாகத் தெரியும். ஏனெனில் அவற்றுக்கும் பதிவேடு இருந்தது. வெடிப்பில் பறந்த ஒரு தங்கக் கட்டி, ஒரு மைல் தொலைவிலிருந்த வீட்டின் கூரையைத் துளைத்து விழுந்தது. அது உரிய இடத்தில் ஒப்படைக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்துத் துறைமுகத்தில் தூர்வாரும்போது கிடைத்த கட்டிகளும் கணக்கில் சேர்க்கப்பட்டன.

துறைமுகக் கூலித் தொழிலாளர்களுக்கு மட்டும் அத்தகைய பதிவேடு இல்லை. அன்றைய பம்பாய்த் துறைமுகத்தில் ‘தோலிவாலா’ எனப்பட்ட கங்காணிகள் காலையில் வாசலில் நின்ற கூட்டத்திலிருந்து ஆள் பொறுக்கி உள்ளே அழைத்துச் செல்வார்கள். இன்று வேலை கிடைத்தவனுக்கு நாளை கிடைக்குமா என்பது தெரியாது. கிராமத்திலிருந்து வந்து, அன்று காலை ஒரு கங்காணியின் கையசைப்பில் துறைக்குள் சென்று, மாலையில் திரும்பாதவனின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமல் போக எல்லா வழியும் இருந்தது. எண்ணப்படாமல் உழைத்தவன் எண்ணப்படாமலேயே இறந்தான்.

இந்தப் படிப்பினையைத் தொழிலாளி வர்க்கம் மறக்கவில்லை. நாள்கூலிக் கங்காணி முறைக்கு எதிராகத் துறைமுகத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்களின் விளைவாக, துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் வந்தது. துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. தொழிலாளர்களின் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. அதே 1948இல் தொழிற்சாலைகள் சட்டம் நிறைவேறியது. தீ நேர்ந்தால் தப்பிக்கும் வழி ஏற்பாடு செய்வதும், அவ்வழியைத் தொழிலாளர்களுக்குப் பழக்கப்படுத்துவதும் ஆலை நிர்வாகத்தின் சட்டபூர்வக் கடமை என்று அதன் 38ஆம் பிரிவு வகுத்தது. 1986இல் துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டமும் வந்தது. பெயர் பதிவும் தப்பும் வழியும் சாம்பலின் மேல் நின்று பெற்ற உரிமைகள்.

ஆலைநிலத்தில் எரிந்த இரவு

மும்பை ஆலைத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் 1982 ஜனவரி 18 அன்று தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் கலந்துகொண்ட அப்போராட்டத்துக்குப் பின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. துணி நெய்வதைவிட நிலத்தை விற்பதே முதலாளிகளுக்கு லாபமாயிற்று. நகரின் நடுவே ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலைநிலம் இருந்தது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள், அந்நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கும், மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்று பிரித்தன. 2001இல் மாநில அரசு இவ்விதியைத் திருத்தியது. கட்டடமில்லாத காலி இடத்தில் மட்டுமே பங்கு என்றானது. பொதுமக்களின் பங்கு சுருங்கியது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது.

திறந்தவெளி என்பது அழகுக்காக மட்டுமன்று. தீயணைப்பு வண்டி நுழைவதற்கும், தப்பி வருபவர்கள் நிற்பதற்கும், நெருப்பு ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் இருப்பதற்கும் அதுவே இடம். 1803இல் கம்பெனி அதிகாரிகள் தங்களைச் சுற்றித் திறந்தவெளி வைத்துக்கொண்டது அறியாமல் செய்த செயல் அன்று.

2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்த வேளையில், லோயர் பரேலில் கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் தீப்பிடித்தது. ஒருகாலத்தில் நூற்பாலை இயங்கிய இடம் அது. எளிதில் எரியும் பொருள்களால் வேயப்பட்ட கூரையில் நெருப்பு நிமிடங்களில் பரவியது. 14 பேர் இறந்தனர். அவர்களில் பலர் நெருப்பிலிருந்து தப்பிக் கழிப்பறையில் தஞ்சம் புகுந்து, புகையில் மூச்சுத் திணறி மாண்டவர்கள். தீ விபத்துகளில் பெரும்பாலும் உடலைத் தொடுவதற்கு முன்பே புகை உயிரைப் பறித்துவிடுகிறது. அதனால்தான் வெளியேறும் வழி எங்கே இருக்கிறது என்ற கேள்வியே வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த இரவைப் பற்றி நாடு முழுவதும் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான், இறந்தவர்கள் இளைஞர்கள், பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள். ஆனால் அதற்கு 11 நாள்கள் முன்பு, டிசம்பர் 18 அதிகாலையில், அதே நகரின் சாக்கிநாக்கா கைரானி சாலையில் சேவு, காராபூந்தி போன்ற தின்பண்டங்கள் தயாரிக்கும் கடை ஒன்று எரிந்தது. வேலை செய்த இடத்திலேயே உறங்கிக்கொண்டிருந்த 12 தொழிலாளர்கள் இறந்தனர். எண்ணெயும் அடுப்பும் எரிபொருளும் இருந்த கூடமே அவர்களுக்கு வீடாகவும் இருந்தது. கமலா மில்ஸ் தீக்குப் பின் நகரெங்கும் உணவகங்களின் சட்டவிரோதக் கூரைகள் இடிக்கப்பட்டன. அதற்கு முந்தைய பதினொரு நாள்களில் அந்த வேகம் எங்கும் காணப்படவில்லை. மாடியில் உண்டவர்களும் கூடத்தில் உறங்கியவர்களும் ஒரே காரணத்தால், அதாவது வெளியேற வழியில்லாததால் இறந்தனர். ஆனால் செய்தியிலும் நடவடிக்கையிலும் அவர்கள் சமமாக எண்ணப்படவில்லை.

அடுத்த ஆண்டே, 2018 டிசம்பர் 17 அன்று, அந்தேரி மரோல் பகுதியிலுள்ள தொழிலாளர் அரசு ஈட்டுறுதி மருத்துவமனையில் தீப்பிடித்து எட்டுப் பேருக்கு மேல் இறந்தனர். தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடித்த சந்தாவில் இயங்கும் மருத்துவமனை அது. உழைக்கும் இடம், உறங்கும் இடம், நோயுற்றால் படுக்கும் இடம் ஆகிய மூன்றிலும் ஒரே ஆபத்து தொழிலாளியைத் தொடர்கிறது. குடிசைகளின் நிலையும் இதுவே. 2015 டிசம்பர் 7 அன்று காந்திவலி தாமு நகரில் எரிவாயு உருளைகள் அடுத்தடுத்து வெடிக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகள் எரிந்தன. தாராவியின் சந்துகளில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த அச்சம் புதிதன்று.

குழாயைப் பிடித்த கைகள்

தீயணைப்புத் தொழிலாளர்களின் கதைக்கு மீண்டும் வர வேண்டும். 2015 மே 9 அன்று கால்பாதேவியில் ‘கோகுல் நிவாஸ்’ என்ற பழைய மரச்சட்டக் கட்டடம் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களை வெளியேற்றித் தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்தது. அதிகாரிகள் சஞ்சய் ராணே, மகேந்திர தேசாய் ஆகியோர் அங்கேயே உயிரிழந்தனர். துணைத் தலைமை அதிகாரி சுதிர் அமீன், தலைமை அதிகாரி சுனில் நேஸ்ரீகர் ஆகியோர் தீக்காயங்களால் அடுத்த நாள்களில் மருத்துவமனையில் இறந்தனர். ஒரு மாநகரத்தின் தீயணைப்புத் தலைவரே களத்தில் நின்று உயிர் கொடுத்தார். 1803இல் கோட்டையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட நெரிசலின் விலையை 2015இல் இந்த நால்வர் செலுத்தினர்.

இன்று மும்பைத் தீயணைப்புப் படையிடம் 90 மீட்டர் உயரத்தை எட்டும் ஏணி வண்டி இருக்கிறது. வானுயர்ந்த குடியிருப்புகளுக்கு அது தேவை. ஆனால் கால்பாதேவியின் சந்திலும் தாராவியின் சந்திலும் சாதாரண வண்டியே நுழைவது கடினம். ஏணியின் உயரத்தைக் கூட்டிய நகரம் சந்தின் அகலத்தைக் கூட்டவில்லை. அதேவேளை, உயரமான கட்டடமும் உழைப்பாளியைக் காப்பதில்லை. ஒருகாலத்தில் ஆலைத் தொழிலாளர் நிறைந்திருந்த லால்பாகில் எழுந்த அடுக்குமாடி ஒன்றில் 2021 அக்டோபர் 22 அன்று தீப்பிடித்தது. அங்கு இறந்தவர் அக்கட்டடத்தின் காவலாளி. 19ஆம் மாடியின் பால்கனியைப் பிடித்துத் தொங்கிய அவர் கைநழுவி விழுந்தார்.

சான்றிதழில் அணையும் தீ

சட்டம் இல்லாமல் இல்லை. 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், தீயணைப்புச் சேவையை நகராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாக 12ஆம் அட்டவணையில் சேர்த்தது. மகாராஷ்டிரத்தில் 2006ஆம் ஆண்டின் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம் இருக்கிறது. அதன்படி கட்டடத்தின் உரிமையாளரோ பயன்படுத்துபவரோ ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீத்தடுப்புக் கருவிகள் சரியாக இயங்குகின்றன என்று சான்றிதழ் அளிக்க வேண்டும். அச்சான்றிதழை வழங்குவது உரிமம் பெற்ற தனியார் முகமை. முகமைக்குக் கட்டணம் கொடுப்பவர் கட்டட உரிமையாளர். சோதிக்கப்பட வேண்டியவரே சோதிப்பவருக்குக் கூலி கொடுக்கும் ஏற்பாடு இது. மாநகராட்சியின் ஆய்வு இதற்கு மேல் நிற்க வேண்டும்; ஆனால் லட்சக்கணக்கான கட்டடங்களுக்குக் கைவிரல் விட்டு எண்ணத்தக்க அதிகாரிகள் இருந்தால் காகிதமே ஆய்வாகிவிடும். ஆட்சியின் தலைமையிடமே விலக்கன்று. 2012 ஜூன் 21 அன்று மாநில அரசின் தலைமைச் செயலகமான மந்திராலயமே எரிந்து ஐந்து பேர் இறந்தனர்.

பணம் இல்லாமலும் இல்லை. நாட்டிலேயே பெரிய மாநகராட்சி பட்ஜெட் மும்பையுடையது. 2025-26க்கு அது 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்க வேண்டிய தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமோ 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் இல்லாமலே போனது.

இந்த நிலையில்தான் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1986ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டமும் உள்ளிட்ட 13 சட்டங்கள் இதற்குள் கரைக்கப்பட்டன. மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 ஆக உயர்ந்தது. மின்சக்தி இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆனது. கைரானி சாலைக் கூடத்தைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்து அங்கேயே உறங்கும் இடங்கள், அபாயகரத் தொழில் என்று அரசு வகைப்படுத்தினாலன்றி, தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். ஆய்வாளர் என்ற பதவியே ‘ஆய்வாளரும் வசதி செய்து தருபவரும்’ என்று மாறியது. யாருக்கு வசதி என்று கேட்கத் தேவையில்லை. எந்த இடங்களில் தொழிலாளர்கள் மிக எளிதில் எரிகிறார்களோ, அந்த இடங்கள் எண்ணிக்கைக்கு வெளியே தள்ளப்படுகின்றன. 1944க்குப் பிறகு பெற்ற பதிவேடு மீண்டும் கிழிக்கப்படுகிறது.

தீக்கு முன் எண்ணுவது

தீயணைப்பு வாரத்தில் துண்டறிக்கை வழங்குவதோடு நில்லாமல், தொழிற்சங்கங்களும் குடியிருப்போர் அமைப்புகளும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள சிறு கூடங்களையும் பட்டறைகளையும் நேரில் சென்று பார்ப்பதே அது. இரவில் எத்தனை பேர் உள்ளே உறங்குகிறார்கள்? அவர்களின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா? கதவு வெளியிலிருந்து பூட்டப்படுகிறதா? இரண்டாவது வழி இருக்கிறதா, இருந்தால் அதில் சரக்கு அடுக்கப்பட்டிருக்கிறதா? படிக்கட்டின் கீழ் எண்ணெயோ எரிவாயு உருளையோ வைக்கப்பட்டிருக்கிறதா? மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது? தீயணைப்பு வண்டி எந்தச் சந்துவரை வரும், அங்கிருந்து குழாய் எட்டுமா? இந்த ஏழு கேள்விகளுக்கான விடைகளை எழுதி, மாநகராட்சியிடமும் தொழிலாளர் துறையிடமும் தீயணைப்பு நிலையத்திலும் ஒப்படைத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். தெரியாது என்று பின்னர் ஒரு அதிகாரி சொல்ல முடியாத நிலையை அந்த ஒப்புகைச் சீட்டு உருவாக்கும்.

அதோடு பொதுக் கோரிக்கைகளும் உள்ளன. தீத்தடுப்பு ஆய்வு தனியார் சான்றிதழிலிருந்து மீட்கப்பட்டுப் பொது அதிகாரியின் பொறுப்பாக வேண்டும். ஆய்வறிக்கை தொழிலாளர்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கும் பாதுகாப்பு விதிகள் முழுமையாகப் பொருந்த வேண்டும். தீயணைப்புப் படையின் காலியிடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும். இக்கோரிக்கைகளில் தீயணைப்புத் தொழிலாளியின் நலனும் அவர் காப்பாற்ற வரும் தொழிலாளியின் நலனும் ஒன்றே. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமல் புகைக்குள் நுழைபவர் அவரே.

1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா துறையில் ஒரு சிவப்புக் கொடி ஏற்றப்பட்டிருந்தால், பக்கத்துக் கப்பலில் மூட்டை தூக்கியவனுக்கு ஓடுவதற்கு இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கும். ஆபத்து இங்கே இருக்கிறது என்று உரியவர்கள் அறிவிக்கத் தவறும் இடங்களிலெல்லாம் அதை அறிவிக்கும் கடமை தொழிலாளர் இயக்கத்தைச் சார்கிறது. அன்று தங்கம் 124 கட்டிகள் என்று எழுதிய ஏடு இன்னும் இருக்கிறது. கைரானி சாலைகளில் இன்றிரவு உறங்கப்போகிறவர்கள் எத்தனை பேர் என்ற ஏட்டைத்தான் இனி எழுத வேண்டியிருக்கிறது.